பணமா, ஆட்டமா?

கேள்வி: பணத்துக்காக நாட்டு அணியை விட்டு லீக் ஆட்டங்களுக்குப் போகும் கிரிக்கெட் வீரர்கள் செய்வது சரியா?

பதில்: தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகும் முழங்காலும்தான் முதலீடு, சீக்கிரம் தேய்ந்துவிடும். 2022இல் டிரென்ட் போல்ட் நியூசிலாந்து வாரிய ஒப்பந்தத்தை விட்டு விலகினார். மனைவி, மூன்று பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்றார். அவரை எப்படிக் குறை சொல்வது?

ஆனாலும் என் மனசு மிட்செல் ஸ்டார்க் பக்கம்தான். 2015க்குப் பிறகு 2024 வரை ஐபிஎல்லில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. காயம் ஒருபுறம், பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுக்காக உடம்பைக் காத்துக்கொண்டார். அப்புறம்தான் 24.75 கோடி ரூபாய் வந்தது. சேப்பாக்கத்தில் நடந்த அந்த ஆண்டு இறுதி ஆட்டம், முதல் ஓவர் நினைவிருக்கிறதா? கடைசி நொடியில் வளைந்து, அபிஷேக் சர்மாவின் மட்டையைத் தாண்டி ஆஃப் ஸ்டம்பைப் பெயர்த்தது பந்து. டெஸ்டில் ஆண்டுக்கணக்காகப் பழகிய கை அது.