ஹவாயில் பந்தியும் சிங்க ஆட்டமும்

ஹவாய்க்குப் போகும் தேதி உங்கள் கையில் இருந்தால், ஜனவரி கடைசியையோ பிப்ரவரியையோ பிடியுங்கள். லூவாவ் எனப்படும் ஹவாய் விருந்து வருடம் முழுக்க நடக்கும். சீனப் புத்தாண்டு அப்படியில்லை. ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவே வந்து போய்விடும். 2027-இல் பிப்ரவரி 6. ஓவாஹு தீவின் ஹோனலுலுவில் தங்கினால் இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ளலாம். லூவாவுக்குப் பெரும்பாலும் தலைக்கு 100 டாலருக்கு மேல் ஆகும். சைனாடவுன் தெருவில் நின்று புத்தாண்டுச் சிங்க ஆட்டம் பார்க்கக் காசு கிடையாது. எனவே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது முதலாவதைத்தான்.

முன்பதிவு செய்யும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: பன்றியை இமுவில்தான் வேகவைக்கிறீர்களா, வெளியே எடுப்பதைப் பார்க்கலாமா? இமு என்பது மண்ணில் வெட்டிய குழியடுப்பு. விறகை எரித்து எரிமலைக் கற்களைப் பழுக்கக் காயவைப்பார்கள். அதன்மேல் நசுக்கிய வாழைத்தண்டு, இலைகள், முழுப் பன்றி, மறுபடி இலை, ஈரச் சாக்கு, கடைசியில் மண். அப்படியே மணிக்கணக்காகக் கிடக்கும். தண்டின் ஈரம்தான் ஆவியாகி இறைச்சியை வேகவைக்கிறது. சாக்கை விலக்கியதும் புகை வாசனையோடு ஆவி முகத்தில் அடிக்கும். கத்தி வேண்டாம், கையால் இழுத்தாலே கறி நார் நாராகப் பிரியும். இதைப் பார்க்காமல் மேசையில் போய் உட்கார்ந்தால் அது இன்னொரு ஹோட்டல் பஃபே, அவ்வளவுதான். ஆகவே வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் கழுத்தில் லெய் மாலை போடுவார்கள். மறுக்காதீர்கள், போட்டவர் கண்ணெதிரே கழற்றவும் கூடாது. கர்ப்பிணிகளுக்கு முனை கட்டாத மாலைதான் வழக்கம். முன்கூட்டியே சொன்னால் தருவார்கள்.

சாப்பாட்டில் தயங்க வைப்பது போயி. சேப்பங்கிழங்கு இனத்தைச் சேர்ந்த கலோவை வேகவைத்து, இடித்து, தண்ணீர் விட்டுக் குழைத்த ஊதா நிறக் களி. தனியாக வாயில் போட்டுவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்று ஒதுக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். அது தனியாகச் சாப்பிடுவதற்கானதே அல்ல. இமுவில் வெந்து உப்பேறிய கலுவா பன்றிக் கறியையோ, உப்பிட்ட மீனான லோமி சால்மனையோ ஒரு வாய், போயி ஒரு வாய் என்று மாற்றி மாற்றி விரலால் எடுத்துச் சாப்பிடுங்கள். இரண்டு நாள் புளித்ததை உள்ளூர்க்காரர்கள் விரும்புவார்கள். இட்லி மாவுப் புளிப்புக்குப் பழகிய நாக்குக்கு அது சிரமமில்லை. ஹவாய் மக்களின் தொன்மத்தில் கலோ, மனிதனுக்கு முன்னே பிறந்த அண்ணன். போயிக் கிண்ணம் திறந்திருக்கும்போது சண்டை போடக்கூடாது என்பார்கள். சைவர்களுக்குப் போயி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தேங்காய்ப்பாலில் செய்த ஹவ்பியா, பழங்கள் தேறும். லாவ்லாவ் இலைப்பொட்டலத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்; உள்ளே பன்றியும் மீனும் இருக்கும்.

ஆணும் பெண்ணும் அருகருகே உட்கார்ந்து சாப்பிடும் இந்தப் பந்தியே ஒரு காலத்தில் குற்றம். பெண்கள் பன்றி, வாழைப்பழம், தேங்காய் தொடவும் தடை இருந்தது. 1819-இல் அரசர் இரண்டாம் கமேஹமேஹா பெண்களோடு அமர்ந்து உண்டு அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தார். லூவாவ் மேடையில் கைதட்டல் அள்ளும் தீக்கத்தி ஆட்டம் சமோவாவுடையது. ஹவாயின் சொந்தக் கலை ஹூலா நடனம். கவனத்தை அதற்கு வையுங்கள்.

அடுத்து சைனாடவுன். 1852 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த சீனர்களின் பேட்டை இது. 1900 ஜனவரியில், பிளேக்கை ஒழிக்க அரசே வைத்த தீ காற்றில் பரவி, பேட்டையின் பெரும்பகுதியை அழித்தது. புத்தாண்டையொட்டிய வார இறுதியில் காலையிலேயே போங்கள். பட்டாசுச் சரம் தொங்கும் கடை வாசல் தெரிந்தால் சிங்க ஆட்டக் குழு அங்கே வரும் என்று அர்த்தம். காதுக்குப் பஞ்சும் காலுக்கு மூடிய செருப்பும் அவசியம்.

பக்கத்துக் கடையில் சிவப்பு உறைகள் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு டாலர் நோட்டு வையுங்கள். நான்கு டாலர் மட்டும் ஆகாது. இங்கே இந்த உறையை லைசீ என்பார்கள். முரசும் ஜால்ராவும் நெருங்கி வரும்போது உறையை நீட்டினால், சிங்கம் இமையைப் படபடவென்று அடித்து வாயைத் திறக்கும். உள்ளிருந்து ஒரு கை நீண்டு வாங்கிக்கொள்வது தெரியும். அந்தப் பணம் ஆடுகிற குழுவுக்குப் போகிறது. பெரும்பாலும் தற்காப்புக்கலைப் பள்ளிப் பிள்ளைகள். சிறு குழந்தை இருந்தால் இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள், சிங்கத் தலை கிட்டத்தில் பெரியது.

கூட்டம் குறைந்ததும் மௌனகீயா தெருவின் லெய் கடைகளைப் பாருங்கள். வின்யார்ட் சாலையிலுள்ள குவான் யின் கோயில் நடக்கும் தூரம்தான். கும்பிடுகிறவர்களைப் படமெடுக்க வேண்டாம். பசித்தால் மனபுவா, அதாவது பன்றிக்கறி அடைத்த சீன பன். சைவர்கள் ஜாய் கேளுங்கள், புத்தாண்டுக்கென்றே சமைக்கும் காய்கறிக் கதம்பம். மறக்காமல் ஒரு காவ் வாங்குங்கள்: பசையரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்து அவித்து, மேலே எள் தூவிய அப்பம். நாளானால் கல்லாகிவிடும், மெல்லிய துண்டுகளாக நறுக்கி எண்ணெயில் வாட்டினால் மறுபடி இளகும்.