நான்காம் படிவத்துச் சரித்திரமும் நம் பிரஜாவுரிமையும்



பிள்ளை கணக்கில் தேறினால் போதும், சரித்திரம் கடைக்கு உதவுமா என்று நம்மவர் சிலர் கேட்கின்றனர். 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழுக்குச் சரித்திரத்திலும் தேறியாக வேண்டும். அது ஒருபுறமிருக்கட்டும்.

அடியேன் ஓதியது மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான். கடையடைத்த பின் மகள் தன் பாடத்தை வாசித்துக் காட்டுவாள். 1946 ஏப்ரல் 1இல் பிரிட்டிஷார் மலாயன் யூனியனை அமைத்தனர். சுல்தான்களின் அதிகாரம் சுருங்கிற்று. குடியேறியவர்க்கும் தாராளமாகப் பிரஜாவுரிமை என்றனர். மலாய்க்காரர் கொதித்தெழுந்தனர். மே 11இல் நமது ஜொகூர் பாரு பெரிய அரண்மனையிலேதான் அம்னோ பிறந்தது. தலைவர் டத்தோ ஓன் ஜாபர். 1948 பிப்ரவரி 1இல் யூனியன் நீங்கிக் கூட்டரசு வந்தது. பிரஜாவுரிமை விதிகள் இறுகின.

பிறகு 1957இல் சுதந்திரம். ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய இந்நாட்டில் பிறந்தோர், பெற்றோர் யாராயினும், பிறப்பாலேயே பிரஜைகள்.

என் தகப்பனார் 1955இல் மூவாரில் பிறந்தவர், மனுச்செய்து பதிவானவர். சிறிய தகப்பனார் 1959இல் அதே வீட்டில் பிறந்தார். அவருக்கு மனுவே தேவைப்படவில்லை. உடன்பிறந்தாரிடையே ஏன் இந்த வித்தியாசமென்று மகள் வாசித்த அன்றிரவுதான் எனக்கு விளங்கிற்று.