நூறு நாட்கூலிக் கடன்



மாலையில் விளக்கேற்றி, குடும்பமாக முழந்தாளிட்டு ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்லும்போது பரலோக மந்திரத்தை ஆறு முறை சொல்லுகின்றோம். அதிலுள்ள மன்றாட்டுக்களுள் ஒன்றுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. நாம் பிறரை மன்னிப்பதுபோலவே நம்மையும் மன்னிக்கும்படி அங்கே கேட்கின்றோம். செபத்தைக் கற்பித்து முடித்தவுடன் ஆண்டவர் மீண்டும் எடுத்து விளக்கியதும் இந்த ஒரு மன்றாட்டைத்தான் (மத்தேயு 6:14-15). ஒருவரை மனதிற் பகைத்துக்கொண்டு இதைச் சொல்லும்போது நமக்கு நாமே எதைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்?

நம் ஊர்களிற் பல பகைகள் வேலியில் தொடங்குகின்றன. அண்ணன் வளவுக்கும் தம்பி வளவுக்கும் நடுவே வேலி. அடைக்கும்போது ஒரு கதியால் அரை முழம் தள்ளி நடப்படுகின்றது. அல்லது சீதனக் காணியில், பங்குக் கிணற்றில் பிணக்கு. பேச்சு நிற்கின்றது. ஒரு வீட்டுக் கலியாணத்துக்கு மற்ற வீட்டார் போவதில்லை. பிள்ளைகளும் முகந்திருப்பப் பழகுகின்றார்கள். காணி உறுதியோடு பகையும் முதுசமாகக் கைமாறுகின்றது. ஞாயிறன்று இரு வீட்டாரும் ஒரே பலிபீடத்தின் முன் நற்கருணை வாங்குகின்றனர்.

எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது, ஆண்டவர் இரு கடன்காரரின் உவமையைச் சொன்னார் (மத்தேயு 18:21-35). அரசனிடம் ஒருவன் பட்ட கடன் பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாள் ஒருவனின் ஒரு நாட் சம்பளம். ஆகவே அவன் கடன் ஆறு கோடி நாட்கூலி. அவனுக்கு அவன் தோழன் கொடுக்கவேண்டியதோ நூறு தெனாரியம்.

இந்த நூறைக் கவனியுங்கள். ஏழைத் தொழிலாளிக்கு மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு அது. நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு அற்பமானது என்று ஆண்டவர் சொல்லவில்லை. உங்கள் இழப்பு உண்மையானது. உங்கள் கண்ணீரும் உண்மையானது. ஆனால், ஆறு கோடி மன்னிக்கப்பட்டவன் வாசலைத் தாண்டியதும் அதை மறந்து, தோழனின் கழுத்தைப் பிடித்தான். அவனுடைய குற்றம் அதுவே.

இத்தாலியில் 1902ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி, பதினொரு வயதுச் சிறுமி மரியா கொரற்றி கத்திக் காயங்களால் இறந்தாள். குத்தியவன் அதே வீட்டிற் குடியிருந்த அலெசாந்திரோ. அவனை மன்னித்தே அவள் கண்மூடினாள். 27 ஆண்டுகள் சிறையிலிருந்து விடுதலையான அவன், பின்னர் அவளுடைய தாய் அசுந்தாவிடம் சென்று மன்னிப்புக் கேட்டான். மகளே மன்னித்த பின் தான் மறுக்கலாகாது என்று அந்தத் தாய் மன்னித்தாள். 1950இல் மகள் புனிதையாக உயர்த்தப்பட்டபோது அவள் உயிரோடிருந்தாள். மன்னிப்பு நீதிக்கு விரோதமன்று என்பதையும் இங்கே காண்கின்றோம். அவன் தண்டனையை அனுபவித்தான். தாயின் உள்ளமோ கசப்பிலிருந்து விடுபட்டது.

"மனம் வரவில்லையே" என்கிறீர்களா? மனம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே தொடங்குங்கள்.

முதலாவது, உங்களுக்கு நேர்ந்ததை மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். கோபத்தையும் சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்த ஆளின் பெயரைச் சொல்லி, தினமும் ஓர் அருள்நிறை மந்திரம் ஒப்புக்கொடுங்கள். தொடக்கத்தில் உதடுமட்டும் சொல்லும். பரவாயில்லை.

மூன்றாவது, ஓர் அடி முன்வையுங்கள். பிள்ளையின் முதல் நன்மைக்கு அழையுங்கள். நோயென்றாற் போய்ப் பாருங்கள். எல்லைப் பிணக்கை நில அளவையாளர் தீர்க்கட்டும். அடித்துத் துன்புறுத்துபவரிடம் திரும்பிப் போகவேண்டும் என்பது இதன் பொருளன்று. விலகியிருந்தும் மன்னிக்கலாம்.

நான்காவது, மீண்டும் கசப்பு எழும்போது மீண்டும் மன்னியுங்கள். பேதுருவுக்குச் சொல்லப்பட்ட கணக்கில் இதுவும் அடங்கும்.

செபிப்போமாக: ஆண்டவரே, நான் பட்ட கடனை நீர் கேளாமல் விட்டீர். எனக்குக் கடன்பட்டவரை நான் இன்னும் விடவில்லை. அவருடைய பெயரை உமது பாதத்தில் வைக்கின்றேன். என் பிள்ளைகளுக்கு இந்தப் பகையை முதுசமாகக் கொடாதபடி காத்தருளும். ஆமென்.

குடும்பமாகச் சிந்திக்க: இன்றிரவு செபமாலையில் நம் வீட்டார் யாருடைய பெயரைச் சொல்லவேண்டும்?