ஜிஎஸ்டி எண் இருக்க, பார்ட்டி எண் எதுக்குங்க?

திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஆகட்டும், காங்கேயம் ரோட்டில் ஆகட்டும், மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபைலைத் திறந்ததும் இதே பேச்சு: "பார்ட்டிக்குத்தான் ஜிஎஸ்டி எண் இருக்குதுங்களே, அதையே ப்ரைமரி கீ ஆக்கிட்டாப் போச்சு. அரசாங்கம் கொடுத்த எண், மாறவா போகுது?"

மாறும். 2017 ஜூலை 1 அன்று எல்லோருக்கும் மொத்தமாக மாறியது மறந்துவிட்டதா? அதுவரை 11 இலக்க வாட் டின் எண்ணைக் கீயாக வைத்திருந்த ஃபைல்களில் ஒரே மில் இரண்டு பார்ட்டியாகப் பிரிந்தது. பழைய பாக்கி ஒன்றில், புது வரவு இன்னொன்றில்.

ஜிஎஸ்டி எண்ணின் 15 இடங்களைப் பாருங்கள். முதல் இரண்டு மாநிலம்: நமக்கு 33, கேரளாவுக்கு 32. அடுத்த பத்து பான். பார்ட்டி பாலக்காட்டில் கிளை திறந்தால் இரண்டாவது எண். அப்பாவின் தனிக் கம்பெனியில் மகன் பங்குதாரரானால் பான் புதிது, ஜிஎஸ்டி எண்ணும் புதிது. கேஸ்கேட் அப்டேட் போட்டு மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மாற்றினால் பழைய பில்லிலும் புது எண் ஏறிவிடும். ஆடிட்டரிடம் என்ன சொல்வீர்கள்?

ஜாப் ஒர்க்கில் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள்காரர்கள் கதை இதைவிட மோசம். வருட வரவு 20 லட்சத்துக்குள் என்றால் ஜாப் ஒர்க்காரருக்குப் பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. ப்ரைமரி கீயைக் காலியாக விடவும் முடியாது. ஒரு பனியன் கம்பெனியில் முதல் ஆளுக்கு 'யூஆர்பி' (பதிவில்லாதவர்) என்று அடித்திருந்தார்கள். அடுத்தவருக்கும் அதையே அடிக்க, ஆக்சஸ் மறுத்தது. சரியென்று பதிவில்லாத எல்லோருடைய டிசியையும் (டெலிவரி சலான்) அந்த ஒற்றை யூஆர்பி தலையில் கட்டிவிட்டார்கள். எந்த லாட் துணி யாரிடம் நிற்கிறது? கம்ப்யூட்டரைக் கேட்டால் யூஆர்பி என்கிறது!

வழி இதுதான்: பார்ட்டி டேபிளில் கீயாக ஒரு ஆட்டோநம்பர். டிசி, பில் டேபிள்களில் அந்த எண் மட்டும். ஜிஎஸ்டி எண்களுக்குத் தனி டேபிள்: பார்ட்டி எண், ஜிஎஸ்டி எண், எந்தத் தேதியிலிருந்து. பில்லில் அன்றைக்குப் போட்ட ஜிஎஸ்டி எண்ணும் பதிவாகட்டும், ஆனால் கீயாக அல்ல. இதற்கு ஒரு மதியம் போதும்.

மற்ற சந்தேகங்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். பெயரே கீயா? கொங்கு நாட்டில் எத்தனை பழனிசாமி, எத்தனை துரைசாமி! செல்போன் எண்ணா? இன்று துண்டித்த எண் சில மாதத்தில் வேறொருவர் கையில் இருக்கும். பில் டேபிளின் ஆட்டோநம்பரில் 41-க்கு அடுத்து 43 வந்தால் பில் தொலைந்ததாக அர்த்தமில்லை; யாரோ பாதியில் எஸ்கேப் தட்டியிருப்பார்கள். விடுபடாமல் போக வேண்டிய பில் எண்ணுக்குத் தனி ஃபீல்டு வையுங்கள். ரிலேஷன்ஷிப் கோடு இழுத்தாச்சு என்று பெருமைப்படுபவர்களே, 'என்ஃபோர்ஸ் ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டி' டிக் இல்லாவிட்டால் இல்லாத பார்ட்டிக்கும் டிசி விழும். அதன் கீழே உள்ள கேஸ்கேட் டெலீட்டைத் தொடவே தொடாதீர்கள். ஒரு பார்ட்டியை அழித்தால் அவர் டிசி, பில் அத்தனையும் கூடவே போகும்.

டசன் டசனாகத் தைத்துக் கொடுக்கிறவருக்கு டேபிளில் ஒரு வரி கொடுக்க ஏன் மனசு வரவில்லை? சனிக்கிழமை சம்பளத்தோடு, அவரவர் எண் போட்டுத் துணி இருப்புச் சீட்டும் அடித்துக் கொடுங்கள், தமிழிலேயே. ஆக்சஸ் யூனிகோடை ஏற்கும். ஃபாண்ட் வரவில்லை என்ற சாக்கு இனி செல்லாது.