ஜூலையில் பார்த்த வீடு

அன்பு மருமகளுக்கு, மாமா எழுதுவது.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பிரான்சில் தொர்தோன் ஆற்றங்கரையில் கல்வீடு, நீலக் கதவு, வாசலிறங்கினால் ஆறு. கையெழுத்துப் போடப் போகிறாய் என்று புதுச்சேரியிலிருந்து அக்கா சந்தோஷமாகச் சொன்னாள். கொஞ்சம் பொறு அம்மா.

நீ பார்த்தது ஜூலை மாதத்து ஆற்றை. முழங்கால் தண்ணீர், சரளைத் திட்டு, வரிசையாகக் கனோ படகுகள். சனவரியில் வருவது வேறு ஆறு. பழுப்பாக, மரங்களைச் சுமந்துகொண்டு, சத்தமில்லாமல் படியேறும். மேலே அணைகள் இருக்கின்றனவே என்பாய். 1952-இல் திறந்த போர்-லெ-ஓர்க் அணை மின்சாரத்துக்காகக் கட்டியது. செர் போன்ற துணையாறுகள் அதற்கு வெகு கீழேதான் வந்து சேர்கின்றன; அவற்றின் வெள்ளத்தை அது தடுக்காது.

அந்தக் காலத்துப் படகுக்காரர்களுக்கு ஆற்றின் இந்த ஏற்றம்தான் பிழைப்பு. ஓக் பலகையும் திராட்சைக்கொடிக்கான ஊன்றுகோலும் ஏற்றிய 'கபார்' படகுகள், வெயில் காலத்துத் தண்ணீரில் தரை தட்டும். இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் ஆறு பெருகும்வரை காத்திருப்பார்கள். அந்தப் பெருக்குக்கு 'வணிகத் தண்ணீர்' என்றே பெயர். சரக்கை இறக்கியதும் படகையும் பிரித்து விறகுக்கு விற்றுவிட்டு, நடந்தே ஊர் திரும்புவார்கள்.

நானும் அவசரப்பட்டவன்தான். இங்கே குடிவந்த வருடம் ஏப்ரலிலேயே தக்காளி நட்டேன். அடுத்த வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. மே 12 இரவு உறைபனி. காலையில் செடிகள் வெந்த கீரைபோலக் கிடந்தன. மே 11, 12, 13 மூன்றும் 'பனிப் புனிதர்கள்' நாட்களாம்; அவை கழியாமல் இங்கே யாரும் நாற்று நடுவதில்லை. முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். “நீங்கள் கேட்கவில்லையே” என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் அவரே வால்நட் உடைக்கக் கூப்பிட்டார். மடியில் தட்டைக் கல், கையில் சின்ன மரச் சுத்தி. கொட்டையை நிமிர்த்திப் பிடித்து உச்சியில் ஒரே தட்டு. பருப்பு முழுசாக வர வேண்டும். நான் உடைத்ததெல்லாம் பொடி, எண்ணெய்ச் செக்குக்குத்தான் ஆகும். ஆனால் எந்த வீட்டில் எந்தப் படிவரை தண்ணீர் வந்தது என்பதை அந்த அடுப்படியில்தான் கேட்டேன். ஜூலையில் இதையெல்லாம் யாரும் பேசமாட்டார்கள்.

விற்பவர் வெள்ள அபாய அறிக்கை தந்தே ஆகவேண்டும். பத்திரம் எழுதும் நோத்தேரிடம் கேட்டு வாங்கிப் படி. முன்ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும் 10 நாளுக்குள் விலகலாம், ஆனால் அந்த அளவுக்குப் போகவேண்டாம். முதலில் அக்கம்பக்கத்துக் கதவைத் தட்டு. ‘போன்ஜூர்’ சொல்லாமல் வாயைத் திறக்காதே. பழைய வீடுகள் எந்த மேட்டில் நிற்கின்றன, கரையில் ஏன் பாப்லர் மரங்களும் மக்காச்சோளமும் மட்டும் இருக்கின்றன என்று பார்.

சனவரியில் ஒரு சனிக்கிழமை வா. காலையில் சார்லா ஊர்ச் சந்தை, பிற்பகல் உன் நீலக் கதவு. ரப்பர் பூட்ஸ் எடுத்துக்கொள்.

மாமா