நோயுற்ற குழந்தையின் இதயத்தை அளத்தல்

நல்லதண்ணியில் மார்கழி விடியலில் எக்குழந்தையின் கையைத் தொட்டாலும் குளிர்ந்தேயிருக்கும். சிவனொளிபாத மலையடிவாரத்தின் இயல்பு அது. ஆயின், மூன்று நாட் காய்ச்சலில் லயத்தறையிலே துவண்டு கிடக்கும் குழந்தையின் கை குளிர்ந்திருந்தால், அது மலையின் குளிரா, இதயத்தின் தளர்ச்சியா என்று எங்ஙனம் அறிவது?

இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதி, ஒரு துடிப்பில் வெளியேறும் கனவளவைத் துடிப்புகளின் எண்ணிக்கையாற் பெருக்க வருவது. வளர்ந்தவர்க்கு 70 மில்லிலீற்றரை 70 ஆற் பெருக்க, ஏறத்தாழ 5 லீற்றர். பத்துக் கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கோ துடிப்பொன்றில் 15 மில்லிலீற்றர் அளவே. துடிப்பு 120 ஆயின் 1.8 லீற்றர். குழந்தையின் சிறிய இதயம் துடிப்பின் கனவளவை அதிகம் கூட்டமாட்டாது. ஆகவே இடர் வந்தவுடன் அது விரைந்து துடிக்கின்றது. கூடவே கைகால்களின் குருதிக்குழாய்கள் சுருங்கிக் குருதியமுக்கத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஐந்து வயதுக் குழந்தையின் சுருங்கலமுக்கம் 80 மி.மீ. இரசத்துக்குக் கீழே இறங்கும்வரை காத்திருப்பவர், பெரும்பாலும் காலங்கடந்தே விழிக்கின்றார். டெங்கு அதிர்ச்சியில் 100/85 என்னும் அளவு வரலாம். நூறு என்று மகிழ்தல் தவறு. இரண்டிற்கும் இடையே 15 தான் உண்டு. அவ்விடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே குறுகுதல் அதிர்ச்சியின் அடையாளமாகும்.

அப்படியாயின் விரலே முதற் கருவி. ஐந்து செக்கன் அழுத்தி விடுவித்தால், வெளுத்த தோல் இரண்டு செக்கனுள் சிவக்கவேண்டும். மூன்றைக் கடந்தால் ஐயுறுக. மலைக்குளிரில் விரல்நுனியை நம்பலாகாது. நெஞ்செலும்பின் மீது அழுத்திப் பார்த்தலே தக்கது. செலவில்லாத இச்சோதனையை நம்மவர் சற்று இளக்காரமாகவே எண்ணுவதுண்டு.

எனினும் விரலுக்கும் எல்லையுண்டு. ஒரு குழந்தையின் குருதிக்குழாயிலிருந்து நீர் கசிந்து இதயம் வெறுமையாய் விரைகின்றது. மற்றொன்றின் இதயத்தசை அழற்சியுற்று, நிறைந்த இதயம் சோர்ந்து அசைகின்றது. இருவர் கையும் ஒன்றுபோற் குளிரும். முன்னதற்குச் சேலைன் உயிர் தரும். பின்னதற்கு அதனை விரைந்து ஏற்றினால் நுரையீரலில் நீர் தேங்கும். இவற்றைப் பிரித்துக் காட்டுவது, 1953 இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹேர்ட்ஸ் இருவரும் தொடங்கிய கழியொலிச் சோதனை. எதிரொலியால் இதயவறையின் அசைவு தெரியும். டொப்ளர் 1842 இல் விளக்கிய தத்துவத்தால் குருதியின் வேகமும் தெரியும்.

கணக்கு எளிது. பெருநாடி வாயின் விட்டம் 1.1 சென்ரிமீற்றர் எனின் பரப்பு 0.95 சதுர சென்ரிமீற்றர். துடிப்பொன்றிற் குருதி 16 சென்ரிமீற்றர் நகர்ந்தால், வெளியேறுவது ஏறத்தாழ 15 மில்லிலீற்றர். ஆனால் விட்டத்தை 1.0 என்று தவறாக அளந்தால் விடை 12.6 ஆகிவிடும், ஒரு மில்லிமீற்றர்ப் பிழை, ஆறிலொரு பங்கை விழுங்கிவிட்டது! ஆதலால் விட்டத்தை ஒருமுறை கவனமாக அளந்து வைத்துக்கொண்டு, அந்த 16 கூடுகின்றதா குறைகின்றதா என்பதை மீண்டும் மீண்டும் நோக்குதலே அறிவுடைமை.

விரைந்து திரவம் ஏற்றுதலின் விலையை ஆபிரிக்கா காட்டிற்று. கென்யா, உகண்டா, தன்சானியா நாடுகளில் காய்ச்சலோடு குருதியோட்டம் குன்றிய 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011 இல் வெளிவந்தது. நாளத்தின் வழியே விரைந்து திரவம் ஏற்றப்பட்டோருள் 48 மணி நேரத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். அவ்வாறு ஏற்றப்படாதோருள் ஏழு பேரளவே. டெங்குக் கசிவுக்கு அம்முடிவை அப்படியே பொருத்துதல் ஆகாது. ஆயினும் ஒவ்வொரு முறை ஏற்றிய பின்னும் நாடி, மூச்சு, ஈரலின் விளிம்பு ஆகியவற்றைப் பார்த்தல் எங்கும் வேண்டும்.

நல்லதண்ணிக் குழந்தை மஸ்கெலியா வழியே டிக்கோயாவுக்கும், தேவையெனின் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கும் செல்லவேண்டியதாகும். கழியொலிக் கருவி வழியின் இறுதியில் இருக்கலாம். விரலும் கைக்கடிகாரமும் தொடக்கத்திலேயே உண்டு. நாடி எத்தனை, நெஞ்சின் தோல் எத்தனை செக்கனிற் சிவந்தது, சிறுநீர் கடைசியாக எப்போது கழிந்தது என்பன மணிநேரத்தோடு ஒரு தாளில் எழுதப்பட்டுக் குழந்தையுடன் சென்றால், பேராதனையில் அளக்கப்படுவது இரண்டாவது அளவாகும்; முதலாவது அன்று.