வேர் முண்டும் வேதிப்பொருளும்
(இளங்கலை தாவரவியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

சென்ற ஆண்டு ஆடிப் பட்டத்தில் எங்கள் நிலத்தில் உளுந்து விதைத்தோம். அந்த வேலையில் முதன்முறையாக என் படிப்பும் சேர்ந்துகொண்டது. ரைசோபியம் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து, “இதை விதையில் கலந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு இழுத்துக் கொடுக்கும்” என்று அப்பாவிடம் சொன்னேன். “படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்றார்.

வீட்டில் பூஞ்சாணக் கொல்லித் தூளும் இருந்தது. வேலை மிச்சம் என்று எண்ணி இரண்டையும் ஒன்றாகவே விதையோடு போட்டுப் புரட்டினேன். அன்று காலையே விதைத்தோம். முளைத்த பயிர் சற்று வெளுத்திருக்கவே, அப்பா பயந்து யூரியாவையும் தாராளமாகத் தூவினார். நாற்பதாம் நாள் சில செடிகளை வேரோடு தோண்டி எடுத்துக் கழுவிப் பார்த்தேன். ஓரிரு முண்டுகளே இருந்தன. அவற்றையும் நகத்தால் நசுக்கிப் பார்த்தால் உள்ளே வெளுப்பு. அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டேன், எங்கே தவறினேன் என்று. அதற்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

காற்றை உரமாக்கும் கூட்டு

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் என்பதை நாம் அறிவோம். ஆனால் அதன் இரு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன. செடியால் அதைப் பிரிக்க இயலாது. உரத் தொழிற்சாலையில் அந்தப் பிணைப்பை உடைத்து அம்மோனியா ஆக்க 400 முதல் 500 டிகிரி வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப்போல் 150 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். அதே வேலையை உளுந்தின் வேரிலுள்ள கடுகளவு முண்டு, சாதாரண மண்ணின் வெப்பத்திலேயே செய்துவிடுகிறது.

அவரை இனப் பயிர்கள் இந்த முண்டுகளின் வழியே காற்றின் நைட்ரஜனைப் பெறுகின்றன என்பதை 1886-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இருவர் எடுத்துக் காட்டினர். 1888-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்ஜெரிங்க் முண்டிலிருந்து அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார். இவ்வகைப் பாக்டீரியாக்களையே பொதுவாக ரைசோபியம் என்கிறோம். செடி மாவுப்பொருளைத் தருகிறது. பாக்டீரியா அம்மோனியாவைத் தருகிறது. இது கூட்டுயிர் வாழ்க்கை என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது. ஆனால் இந்தக் கூட்டு எப்படித் தொடங்குகிறது? மண்ணில் எத்தனையோ நுண்ணுயிர்கள் இருக்க, வேர் இதை மட்டும் எவ்வாறு உள்ளே விடுகிறது?

வேரின் அழைப்பு

விடை வேதியியலில் இருக்கிறது. வேர் தன்னைச் சுற்றியுள்ள மண்ணில் பிளேவனாய்டுகள் என்னும் சேர்மங்களைக் கசியவிடுகிறது. குதிரை மசாலின் அழைப்புப் பொருள் லூடியோலின் என்பது 1986-இல் தெரியவந்தது. சோயா மொச்சையில் டெய்ட்சீனும் ஜெனிஸ்டீனும் அந்த வேலையைச் செய்கின்றன. பொருத்தமான பாக்டீரியாவின் உள்ளே இருக்கும் ஒரு புரதம் இதை இனங்கண்டு, முண்டு உண்டாக்கும் மரபணுக்களை எழுப்பிவிடுகிறது.

உடனே பாக்டீரியாவும் ஒரு சேர்மத்தை வெளியிட்டு மறுமொழி சொல்கிறது. அதன் அமைப்பை 1990-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சர்க்கரை மூலக்கூறுகள் சில கோத்த சிறு சங்கிலி, அதன் ஒரு முனையில் கொழுப்பு அமிலம், அவ்வளவுதான். ஒரு லிட்டரில் ஒரு மோலின் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே போதும், வேர்த்தூவி கொக்கிபோல் வளைந்து பாக்டீரியாவைத் தழுவிக்கொள்கிறது. பின் ஒரு நுண்குழல் வழியே அது உள்ளே நுழைகிறது. வேரின் உயிரணுக்கள் பெருகி முண்டாகின்றன.

சிவப்பின் பொருள்

நைட்ரஜனைப் பிரிக்கும் நொதியின் பெயர் நைட்ரஜனேஸ். இதற்கு இரும்பும் மாலிப்டினமும் வேண்டும். ஆக்சிஜன் பட்டால் இது கெட்டுவிடும். ஆனால் இந்த வேலைக்கு வேண்டிய ஆற்றலைப் பெறப் பாக்டீரியா சுவாசித்தாக வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் அது முடியாது! இந்தச் சிக்கலைத் தீர்ப்பது லெக்ஹீமோகுளோபின். நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினின் உறவுக்காரப் பொருள் இது. ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, அளந்து அளந்து கொடுக்கிறது. முண்டின் சிவப்பு ஹீமோகுளோபின் வகையே என்று 1939-இல் ஜப்பானிய அறிஞர் குபோ கண்டார். ஆகவே உள்ளே சிவந்திருந்தால் முண்டு வேலை செய்கிறது, வெளுத்திருந்தால் செய்யவில்லை. எங்கள் வயலில் நான் கண்டது வெளுப்பைத்தான்.

யூரியா செய்வது என்ன?

யூரியா மண்ணில் அம்மோனியாவாகி, பின் நைட்ரேட்டாகிறது. அது பாக்டீரியாவைக் கொன்றுவிடுகிறது என்றே முதலில் நினைத்தேன். உண்மை அதுவன்று. ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்கக் குறைந்தது 16 ஏ.டி.பி. செலவாகிறது, அதற்கான உணவைக் கொடுப்பது செடி. நைட்ரேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அச்செலவு எதற்கு? செடியே முண்டு உண்டாவதைத் தடுக்கிறது. உண்டானவற்றையும் கவனியாது விடுகிறது. 1985-இல் ஆஸ்திரேலியாவில் சோயாவில் சில திடீர்மாற்றச் செடிகளைக் கண்டனர். அவை நைட்ரேட் இருந்தும் ஏராளமாக முண்டு விட்டன. தடை செடியிடமே இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

அப்படியானால் உரமே கூடாதா? அப்படியும் இல்லை. முண்டுகள் வேலை தொடங்க ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். அதுவரை இளஞ்செடிக்குக் கொஞ்சம் தழைச்சத்து வேண்டும். அதனால்தான் உளுந்துக்கு எக்டருக்கு மானாவாரியில் 12.5 கிலோ, இறவையில் 25 கிலோ தழைச்சத்தை அடியுரமாக இடப் பரிந்துரைக்கின்றனர். அளவு மிஞ்சும்போதுதான் கூட்டு முறிகிறது.

விதைமேல் இட்ட தூள்

பூஞ்சாணக் கொல்லியின் கதை வேறு. திரம் போன்ற மருந்துகள் பூஞ்சாணத்தோடு நிற்பதில்லை. விதைமேல் ஒட்டிய ரைசோபியத்தையும் தாக்குகின்றன. சில மருந்துகள் கொல்லாமலேயே கெடுப்பதும் உண்டு. மெத்தில் பாரத்தியான், பெண்டாகுளோரோபீனால் போன்றவை வேர் அனுப்பும் பிளேவனாய்டின் செய்தி பாக்டீரியாவுக்கு எட்டாமல் குறுக்கிடுகின்றன என்று 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் குதிரை மசாலில் காட்டினர். இருவரும் உயிரோடு இருக்க, பேச்சு மட்டும் நின்றுபோகிறது!

தொட்டியில் கண்டது

இதையெல்லாம் எங்கள் பேராசிரியரிடம் ஒப்பித்தபோது, “ஒரே வயலில் இரண்டு தவறும் செய்துவிட்டாயே, எது குற்றவாளி என்று எப்படிச் சொல்வாய்?” என்று கேட்டார். அவர் சொன்னபடி ஆற்று மணலைக் கழுவி, வேகவைத்து, ஐந்து தொட்டிகளில் நிரப்பி உளுந்து ஊன்றினேன். வெறும் விதை இட்டதில் முண்டே இல்லை, இலையும் வெளுத்தது. ரைசோபியம் மட்டும் சேர்த்ததில் சிவந்த முண்டுகள் நிறைய இருந்தன. மருந்தையும் ரைசோபியத்தையும் ஒன்றாகக் கலந்ததில் சிலவே. மருந்திட்டு மறுநாள் ரைசோபியம் சேர்த்ததில் ஓரளவு நன்றாகவே இருந்தன. ரைசோபியத்தோடு யூரியாவும் பெற்ற செடியோ எல்லாவற்றிலும் கரும்பச்சையாக நின்றது. ஆனால் அதன் வேரில் சிறுத்து வெளுத்த முண்டுகளே. நாங்கள் ஏமாந்தது இந்தப் பச்சையில்தான். இலவசமாகக் கிடைத்திருக்கக் கூடியதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்.

ஐந்து தொட்டிகளைக் கொண்டு பெரிய முடிவு எதையும் சொல்லிவிட முடியாது. ஆயினும் நான் செய்த தவறு எது என்று அறிய அவை போதுமாயிருந்தன.

அப்பாவிடம் அந்தத் தவறை ஒப்புக்கொண்டேன். இந்தத் தைப் பட்டத்தில் விதைக்கு முதலில் மருந்திட்டோம். 24 மணி நேரம் கழித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தி உடனே விதைத்தோம். அடியுரத்தோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு மாதம் கழித்து நான் ஊருக்குப் போனபோது அப்பாவே ஒரு செடியைத் தோண்டி எடுத்து, முண்டை நகத்தால் நசுக்கிக் காட்டினார். சிவந்திருந்தது.

நண்பர்களே, நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பயறு, உளுந்து, கடலை எதுவாயினும் ஒரு செடியைத் தோண்டி அதன் வேரைப் பாருங்கள். நாம் பாடத்தில் படித்ததை நம் வீட்டாருக்குச் சொல்லுமுன், முழுவதும் படித்தோமா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.